ஒன்பது குறியீடுகள், நான்கு காரணங்கள்: இஞ்சின் மாற்றிய வண்டியில் அணையாத செக் இஞ்சின் விளக்கு

1.6 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. ஆயில் இல்லாமல் ஓடியதில் பழைய இஞ்சினின் பேரிங் பிடித்துக்கொண்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த, மூன்று ஆண்டு பிந்தைய மாடலிலிருந்து கழற்றிய இஞ்சின் அதன் இடத்தில் ஏறியது. வயரிங்கும் இசியுவும் (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) வண்டியோடு வந்த பழையவையே. இன்டேக் மானிஃபோல்ட், இன்ஜெக்டர்கள், த்ராட்டில் பாடி, வெளியில் தெரியும் சென்சார்கள் எல்லாம் பழைய இஞ்சினிலிருந்து எடுத்து இதில் பொருத்தப்பட்டன. டைமிங் பெல்ட்டும் டென்ஷனரும் புதிது. டைமிங் கவருக்குள் இருக்கும் மற்றவை வந்தது வந்தபடியே விடப்பட்டன.

வேலை முடிந்ததும் வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுற்றியது. ஐடிலிங் 1,050 ஆர்பிஎம்மில் ஆடிக்கொண்டே நின்றது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இழுவை இல்லை. செக் இஞ்சின் விளக்கு எரிந்தபடியே இருந்தது, மேடு ஏறும்போது மின்னவும் செய்தது. விளக்கு மின்னுவது, எக்ஸாஸ்ட் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) நடக்கிறது என்பதற்கான எச்சரிக்கை. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் உள்ளே இருக்கும் தேன்கூடு உருகிவிடும். அந்த நிலையில் "கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கலாம்" என்று லோடு கொடுக்கவே கூடாது. இந்த வண்டியும் சோதனை முடியும்வரை சாலைக்குப் போகவில்லை.

ஸ்கேனரில் வந்தவை

பி0016 – கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு), கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சிக்னல்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை
பி0102 – ஏர்ஃப்ளோ சென்சாரின் சிக்னல் குறைவு
பி0113 – உள்ளே வரும் காற்றின் வெப்பநிலைச் சென்சாரில் வோல்டேஜ் அதிகம்
பி0135, பி0141 – முன், பின் ஓ2 சென்சார்களின் (எக்ஸாஸ்டில் ஆக்ஸிஜனை அளப்பவை) ஹீட்டர் சர்க்யூட்
பி0171 – கலவை லீன் (காற்றுக்குப் பெட்ரோல் குறைவு)
பி0300 – மிஸ்ஃபயர், குறிப்பிட்ட ஒரு சிலிண்டரில் மட்டும் அல்ல
பி0325 – நாக் சென்சார் (இஞ்சின் தட்டும் அதிர்வை உணர்வது) சர்க்யூட்
பி0443 – பர்ஜ் வால்வு (டாங்கின் பெட்ரோல் ஆவியை இஞ்சினுக்கு விடுவது) சர்க்யூட்

இதைப் பாகங்களின் பட்டியலாகப் படித்தால் இரண்டு ஓ2 சென்சார், ஒரு ஏர்ஃப்ளோ சென்சார், ஒரு நாக் சென்சார், ஒரு பர்ஜ் வால்வு, ஒரு கேம் சென்சார் என்று பெரிய செலவு வைக்கும். அப்படித்தான் பல வண்டிகளில் பணம் வீணாகிறது. முந்தைய இஞ்சினில் ஒழுங்காக வேலை செய்த சென்சார்கள் ஒரே நாளில் கூட்டமாகச் சாவதில்லை. இஞ்சின் மாற்றத்துக்குப் பிறகு வரும் குறியீட்டைப் பார்த்ததும் கேட்க வேண்டியவை இரண்டு. இந்தச் சர்க்யூட்டில் எங்கே கை பட்டது? இந்த இடத்தில் பழைய இஞ்சினும் புதிதாக வந்த இஞ்சினும் எதில் வேறுபடுகின்றன? இந்த வண்டியின் ஒன்பது குறியீடுகளுக்கும் விடை இந்த இரண்டு கேள்விகளுக்குள்ளேயே கிடைத்தது.

அழிக்கும் முன்

கிளியர் பட்டனைத் தொடும் முன் ஒவ்வொரு குறியீடும் உறுதியானதா, பென்டிங்கா என்று பார்த்து, ஃப்ரீஸ் ஃப்ரேமையும் (குறியீடு பதிவான நொடியில் இருந்த அளவுகள்) எழுதி வைக்க வேண்டும். சாதாரண ஓபிடி ஸ்கேனர் பெரும்பாலும் ஒரே ஒரு ஃப்ரீஸ் ஃப்ரேமைத்தான் காட்டும். தயாரிப்பாளர் நிலை ஸ்கேனர் பல வண்டிகளில் குறியீட்டுக்கு ஒன்றாகக் காட்டும். கிளியர் செய்தால் இவை மட்டுமா போகும்? ஃப்யூவல் ட்ரிம் (கலவையைச் சரிக்கட்ட இசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) கற்றுவைத்த மதிப்புகளும் மானிட்டர்களின் (இசியு தானே நடத்தும் சோதனைகள்) நிலையும் சேர்ந்தே அழிகின்றன. அந்தச் சான்று போனால் மறுபடி உருவாகும்வரை காத்திருக்க வேண்டும்.

இங்கே பி0102, பி0113 இரண்டின் ஃப்ரீஸ் ஃப்ரேமிலும் ஆர்பிஎம் பூஜ்யம், வண்டி வேகம் பூஜ்யம். அதாவது இக்னிஷன் ஆன், இஞ்சின் ஓடவில்லை. இந்த வண்டியில் காற்று வெப்பநிலைச் சென்சார் ஏர்ஃப்ளோ சென்சாருக்குள்ளேயே இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே கனெக்டர். அந்தக் கனெக்டரைச் செருகும் முன் யாரோ சாவியைத் திருப்பியிருக்கிறார்கள். லைவ் டேட்டாவில் காற்று வெப்பநிலையும் காற்றளவும் இப்போது நியாயமாகவே இருந்தன. கனெக்டரை ஆட்டிப் பார்த்தும் மதிப்பு துள்ளவில்லை. இரண்டு குறியீடுகளும் பொருத்தும் வேலையின் மிச்சம். தொட வேண்டியது எதுவும் இல்லை.

எர்த்

அடுத்து ஸ்கேனரை வைத்துவிட்டு மீட்டர். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட், ஓடும்போது 14.2. இரண்டும் சரி. ஆனால் எர்த்தை (கரண்ட் இஞ்சின், பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) ஓம் மீட்டரால் பார்ப்பது பயனில்லை. ஒற்றை இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்டும். கரண்ட் ஓடும்போது எவ்வளவு வோல்ட் விழுகிறது என்றுதான் அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் முனையின் மேலேயே, மறுமுனை இஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில். ஹெட்லைட், ப்ளோவர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் ஆன்.

ஐடிலிங்கில் 0.42 வோல்ட் விழுந்தது. 0.1 வோல்ட்டைத் தாண்டவே கூடாது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 1.1 வோல்ட். பாடிக்கும் பேட்டரிக்கும் இடையில் வெறும் 0.04. எனவே குற்றம் பாடிக்கும் இஞ்சினுக்கும் இடையிலான பட்டையில். வந்த இஞ்சினின் பிராக்கெட் பெயின்ட் அடித்தது. பட்டையின் வளையம் அந்தப் பெயின்ட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது, போல்ட்டின் மரை வழியாக மட்டும் தொடர்பு. வளையம் உட்காரும் வட்டத்தை உலோகம் தெரியும்வரை தேய்த்து, வயர் பிரஷ்ஷால் வளையத்தையும் துலக்கி இறுக்கியதும் 0.03 வோல்ட்டுக்கு வந்தது. ஸ்டார்ட்டரும் பழைய வேகத்தில் சுற்றியது.

இந்தக் கோளாறு ஒன்பது குறியீடுகளில் எதற்கும் நேரடிக் காரணம் அல்ல. இருந்தும் இதை முதலில் முடிக்க வேண்டும். எர்த் கெட்ட வண்டியில் அளக்கும் ஒவ்வொரு வோல்ட்டும் சந்தேகத்துக்குரியது. அதோடு, ஸ்டார்ட்டரின் கரண்ட் திரும்பிப் போக வேறு வழி தேடி க்ளட்ச் கேபிள், கியர் கேபிள், மெல்லிய சென்சார் எர்த் வயர் என்று புகுந்து அவற்றைச் சுட்டுவிடும்.

மூன்று குறியீடுகள், ஒரு ஃபியூஸ்

பி0135, பி0141, பி0443. இரண்டு ஹீட்டர், ஒரு சோலினாய்டு. மூன்றையும் இசியு எர்த் பக்கத்தில் திறந்து மூடுகிறது. மூன்றுக்கும் 12 வோல்ட் எங்கிருந்து வருகிறது என்று வயரிங் படத்தில் பார்த்தால் ஒரே 15 ஆம்பியர் ஃபியூஸ். மூன்று கனெக்டரிலும் சப்ளை முனையில் பூஜ்யம். ஃபியூஸ் போயிருந்தது.

புது ஃபியூஸ் போட்டு ஓட்டினால் அது மீண்டும் போகும், ஏனென்றால் ஃபியூஸ் தானாகப் போவதில்லை. அதற்குப் பதிலாக ஃபியூஸ் முனைகளில் ஒரு 21 வாட் பல்பைக் கோக்க வேண்டும். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், வயர் கருகாது. கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, வயரிங்கை அடி அடியாக அசைத்துப் பார்க்கலாம். பின் ஓ2 சென்சாரின் வயர் கியர்பாக்ஸ் பக்கம் அசைந்தபோது பல்பு மங்கியது. பழைய இஞ்சினில் அந்த வயரைத் தாங்கிய கிளிப் இந்த இஞ்சினுக்கு வரவில்லை. வயர் தொங்கி எக்ஸாஸ்ட் குழாயில் சாய்ந்து, மேலுறை உருகி, சப்ளை வயரின் செம்பு குழாயைத் தொட்டிருந்தது. உருகிய பகுதியை வெட்டி, கிரிம்ப் செய்து, ஒட்டும் ஹீட் ஷ்ரிங்க் போட்டு, பழைய கிளிப்பைக் கொண்டுவந்து மாட்டினதும் மூன்று குறியீடுகளும் முடிந்தன.

ஓ2 சென்சாரின் சிக்னல் வயரைச் சால்டர் செய்ய வேண்டாம். பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை வயரின் இழைகளுக்கு இடையில்தான் உறிஞ்சுகின்றன. சால்டர் அந்த வழியை அடைத்துவிடும்.

லீன், மிஸ்ஃபயர், நாக்

ஹீட்டர் சரியாகும் முன் ஃப்யூவல் ட்ரிம்மைப் பார்த்து முடிவு சொல்லியிருந்தால் தவறாகப் போயிருக்கும். ஹீட்டர் இல்லாத முன் ஓ2 சென்சார் ஐடிலிங்கில் ஆறிவிடும், இசியு க்ளோஸ்டு லூப்பை (ஓ2 சிக்னலைப் பார்த்துக் கலவையைத் திருத்தும் நிலை) விட்டு வெளியேறும், ட்ரிம் அர்த்தமற்றதாகிவிடும். வரிசை முக்கியம் என்று சொல்வது இதற்காகத்தான்.

இப்போது இஞ்சின் முழுச் சூட்டில் எடுத்த அளவுகள்: ஐடிலிங்கில் ஷார்ட் டெர்ம் ட்ரிம் (அந்த நேரத் திருத்தம்) +9, லாங் டெர்ம் (கற்றுவைத்த திருத்தம்) +17, கூட்டினால் +26 சதவீதம். 2,500 ஆர்பிஎம்மில் லோடு இல்லாமல் பிடித்தால் கூட்டு +6. ஐடிலிங்கில் பெரிதாக இருந்து வேகம் கூடக் கூடக் குறைந்தால் அது ஏர்ஃப்ளோ சென்சாரைத் தாண்டிய இடத்தில் காற்று நுழைவது. ஓட்டையின் அளவு மாறாது. மொத்தக் காற்று கூடும்போது அதன் பங்கு சிறுத்துவிடும். இதற்கு நேர் எதிராக, லோடு ஏற ஏற ட்ரிம் கூடினால் ஃப்யூவல் பம்ப், ஃபில்டர், குறைத்துக் காட்டும் ஏர்ஃப்ளோ சென்சார் ஆகியவற்றைத் தேட வேண்டும்.

ஸ்மோக் மெஷினால் அரை பிஎஸ்ஐ அழுத்தத்தில் புகை விட்டபோது நான்காம் சிலிண்டரின் இன்டேக் குழாய்க்கு அடியில் இருந்து மெல்லிய நூலாகப் புகை வந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. கண்ணாடியும் டார்ச்சும் வைத்தால்தான் தெரியும். கார்ப் க்ளீனர் தெளித்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீ விபத்து. அதோடு, இப்படி அடிப்பக்கம் இருக்கும் கசிவை அது காட்டியும் கொடுக்காது.

மானிஃபோல்டைக் கழற்றியதும் இரண்டு புகார்களுக்கு ஒரே விடை கிடைத்தது. நாக் சென்சாரின் வயர் மானிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் இடையில், ஃபிளாஞ்சின் கீழ் ஓரத்தில் சிக்கியிருந்தது. சுமார் ஒரு விரல் அகலத்துக்கு வயர் தட்டையாகி, உள்ளே ஷீல்டின் இழைகள் சிக்னல் செம்பைத் தொட்டிருந்தன. கேஸ்கெட்டின் ரப்பர் விளிம்பில் அதே அகலத்துக்கு ஒரு பள்ளம். வயர் நசுங்கியதால் பி0325, வயரின் தடிப்பால் கேஸ்கெட் உட்காராததால் பி0171, அந்த லீனால் பி0300.

ஷீல்டு உள்ள வயர் என்பதால் நடுவில் ஒட்டுப் போடாமல் அந்தப் பகுதி வயரையே மாற்றியது சரியான முடிவு. நாக் சிக்னல் மிகச் சிறியது, ஷீல்டு அறுந்தால் இக்னிஷனின் இரைச்சல் அதில் ஏறும். நடுவில் போல்ட் போகும் தட்டை வகை நாக் சென்சாரை இறுக்கும் டார்க் பெரும்பாலும் 20 நியூட்டன் மீட்டர் அளவில். வாஷர், லாக்டைட், சீலன்ட் எதுவும் அடியில் வரக்கூடாது. சென்சார் உலோகத்தோடு உலோகமாக உட்கார்ந்தால்தான் அதிர்வு சரியாக ஏறும். மானிஃபோல்டின் முகத்தை நேர் அளவுகோலும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்த்து, வளைவு இல்லை என்று உறுதி செய்து, புதுக் கேஸ்கெட்டோடு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டு சுற்றில் இறுக்கப்பட்டது.

பி0016: இஞ்சின் தவறா, சிக்னல் தவறா?

மிச்சம் இந்த ஒன்றுதான். டைமிங் பெல்ட் புதிது என்றதுமே "ஒரு பல் தாண்டிவிட்டது" என்ற முடிவுக்குத்தான் கை போகும். அது பல வண்டிகளில் உண்மையாகவும் இருக்கும். 40 பல் கேம் புல்லியில் ஒரு பல் தவறினால் கிராங்க் கணக்கில் 18 டிகிரி. இசியு நிச்சயம் கண்டுபிடித்துவிடும். ஆனால் இஞ்சின் மாற்றிய வண்டியில் இன்னொரு சாத்தியம் உண்டு. கேமும் கிராங்கும் சரியாகவே இருந்து, அவற்றின் நிலையைச் சென்சாருக்குக் காட்டும் தகடு வேறாக இருப்பது.

வேக்யூம் கேஜ் இங்கே தீர்ப்பு சொல்லாது. கேம் பிந்தினாலும் இக்னிஷன் பிந்தினாலும் வேக்யூம் குறையும். பிரித்துக் காட்டக்கூடிய சோதனைகள் மூன்று.

முதலாவது ஸ்கோப் (சிக்னலை அலைவடிவமாகக் காட்டும் கருவி). ஒரு சேனலில் கிராங்க், இன்னொன்றில் கேம். கிராங்க் தகட்டில் 60 பல்லுக்கு இடம், இரண்டு இல்லை, 58 பல். ஒரு பல்லுக்கு 6 டிகிரி. இந்த இசியு எதிர்பார்க்கும் வடிவத்தில் இடைவெளிக்குப் பிறகு 20ஆம் பல்லில் கேம் சிக்னலின் விளிம்பு விழ வேண்டும். இங்கே 18ஆம் பல்லில் விழுந்தது. 12 டிகிரி வித்தியாசம். 18ன் மடங்காக இல்லாததே பெல்ட் பல் மீது இருந்த சந்தேகத்தைக் குறைத்தது.

இரண்டாவது, உண்மையான டாப் டெட் சென்டர் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை). புல்லியில் உள்ள குறியை அப்படியே நம்பக்கூடாது, அதன் ரப்பர் வளையம் நழுவியிருக்கலாம். முதல் சிலிண்டரின் ப்ளக் துளையில் டயல் கேஜ் வைத்து, பிஸ்டன் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே உயரத்தில் இரண்டு குறி போட்டு, நடுவை எடுப்பதே நம்பகமான முறை. அங்கே நிறுத்தியபோது கேம் புல்லியின் குறி ஹெட்டின் குறியோடு துல்லியமாக நின்றது. பெல்ட் சரி.

மூன்றாவது டைமிங் லைட் (ஸ்பார்க் விழும் கணத்தில் மின்னி, புல்லி அப்போது எங்கே நிற்கிறது என்று காட்டும் விளக்கு). இதுதான் கேம் பக்கமா, கிராங்க் பக்கமா என்று முடிவு கட்டுகிறது. காயில் ப்ளக் மேலேயே உட்காரும் வகை என்பதால் காயிலுக்கும் ப்ளக்குக்கும் நடுவில் ஒரு நீட்டிப்பு வயர் போட்டு அதில் க்ளாம்ப் மாட்ட வேண்டும். ஸ்கேனர் வழியாக இக்னிஷனை 10 டிகிரி முன்பாக நிலையாகப் பிடித்தால், லைட்டில் தெரிந்தது டாப் டெட் சென்டருக்கு 2 டிகிரி பின்னால். அதே 12 டிகிரி. கேம் தகடு மட்டும் வேறாக இருந்தால் இக்னிஷன் தவறியிருக்காது, ஏனென்றால் இசியு டிகிரியை எண்ணுவது கிராங்க் தகட்டிலிருந்து. இக்னிஷனும் அதே அளவு பிந்தியிருப்பதால் குற்றம் கிராங்க் தகட்டில். வண்டியில் இழுவை இல்லாததற்கும் இதுவே முக்கியக் காரணம்.

கிராங்க் புல்லியும் கீழ்க் கவரும் கழன்றதும் தகடு கைக்கு வந்தது. பழைய இஞ்சினின் தகட்டை அதன்மேல் வைத்து சாவித் துளைகளைப் பொருத்திப் பார்த்தால் பற்கள் 58க்கு 58, விட்டம் ஒன்று, தடிப்பும் ஒன்று. இடைவெளி மட்டும் இரண்டு பல் தள்ளி இருந்தது. பாகத்தைத் தனியாகப் பார்க்கும் எவருக்கும் இது தெரியாது. பழைய தகடு ஏறியது. அதன் குழிவான பக்கம் எந்தத் திசை பார்க்க வேண்டும் என்பதைக் கழற்றும்போதே குறித்துக்கொள்ள வேண்டும், திருப்பிப் போட்டால் சென்சாரில் உரசும். புல்லி போல்ட் பல இஞ்சின்களில் ஒரு முறை மட்டுமே இறுக்கத்தக்கது. டார்க், கோணம் இரண்டும் அந்த இஞ்சினின் மேனுவலில் உள்ளபடிதான்.

இந்தப் பிழையின் எதிர்த்திசையை நினைத்துப் பார்க்க வேண்டும். இடைவெளி இரண்டு பல் முன்னால் இருந்திருந்தால் இக்னிஷன் 12 டிகிரி முந்தியிருக்கும், அதுவும் நாக் சென்சார் செத்த நிலையில். பிஸ்டன் உடைய அது போதும். பி0016ஐ "வண்டி ஓடுகிறதே" என்று விட்டுவைக்கக் கூடாததற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

கற்றுக்கொடுத்தல், ஓட்டிப் பார்த்தல்

தகடு மாறியதால் அதன் பற்களின் நுண்ணிய ஏற்றத்தாழ்வை இசியு மறுபடி கற்க வேண்டும். மிஸ்ஃபயர் கண்டுபிடிப்பே கிராங்க் வேகத்தின் சிறு தடுமாற்றத்தை அளந்துதான் நடக்கிறது. சில தயாரிப்பாளர்களின் வண்டியில் இதை ஸ்கேனர் வழியாகத்தான் செய்ய முடியும், செய்யாவிட்டால் பி0315 வரும். மற்றவற்றில் ஆக்ஸிலேட்டரை விட்டு வேகம் தானாகக் குறையும்போது தானே கற்கிறது. அடுத்து ஐடில் கற்பித்தல். பிறகுதான் குறியீடுகள் ஒரே முறையாக அழிக்கப்பட்டன.

மறுநாள் காலை முழுக்கக் குளிர்ந்த நிலையில் கூலன்ட், காற்று இரண்டின் வெப்பநிலையும் 2 டிகிரிக்குள் ஒத்திருந்தன. ஐடிலிங்கில் மூன்று நிமிடம், பிறகு 80 கி.மீ. வேகத்தில் நிதானமாக ஒரு கால் மணி நேரம், நடுவே கியரிலேயே வைத்துப் பிரேக் தொடாமல் வேகத்தை இறங்கவிடுதல். டாங்கில் பெட்ரோல் பாதியளவு. நிரம்பியோ காலியாகவோ இருந்தால் பெட்ரோல் ஆவி மானிட்டர் ஓடாது. முடிவில் ஐடிலிங் 720 ஆர்பிஎம், ட்ரிம் கூட்டு ஐடிலிங்கில் +2, 2,500இல் +1. மிஸ்ஃபயர் எண்ணிக்கை நான்கு சிலிண்டரிலும் பூஜ்யம். பின் ஓ2 சென்சார் 0.6, 0.7 வோல்ட்டுக்குள் அசையாமல் நின்றது. கன்வெர்ட்டர் தப்பித்துவிட்டது.

விளக்கு அணைந்த பிறகும் சில வண்டிகளில் பெர்மனன்ட் குறியீடு என்ற பிரிவில் பழையவை நிற்கும். ஸ்கேனரால் அதை அழிக்க முடியாது. சம்பந்தப்பட்ட மானிட்டர் ஓடித் தேறினால் தானே போகும். அதைப் பார்த்துப் பாகம் மாற்ற வேண்டாம்.

இந்த வண்டியில் இல்லாத, ஆனால் தேட வேண்டியவை

முன், பின் ஓ2 கனெக்டர்கள் ஒரே வடிவில் இருந்தால் மாறிப் போகும். வி6 இஞ்சினில் இரு பக்கத்து முன் சென்சார்கள் மாறினால் ஒரு பக்கம் ட்ரிம் +25க்கும் மறுபக்கம் -25க்கும் ஓடும். இந்தக் கண்ணாடிப் பிம்பத்தைப் பார்த்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். கூலன்ட் சென்சாரை வந்த இஞ்சினோடு விட்டால் அதன் ரெசிஸ்டன்ஸ் வரிசை இசியுவுக்குப் பொருந்தாமல், சூடான இஞ்சினைக் குளிர் என்று காட்டலாம். 12 முதல் 16 ஓம் இன்ஜெக்டருக்கான இசியுவில் 2, 3 ஓம் இன்ஜெக்டர் மாட்டினால் இசியுவுக்குள் அதை இயக்கும் டிரைவர் சர்க்யூட்டே போய்விடலாம். நேரோபேண்ட் ஓ2 சென்சாரும் வைட்பேண்டும் ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல. பர்ஜ் வால்வைத் தாண்டி ஹோஸ் நேராக மானிஃபோல்டில் ஏறியிருந்தால் ஐடிலிங்கில் ட்ரிம் மைனஸில் விழலாம்.

புதிதாகப் பொருத்திய இஞ்சினில் பி0420 (கன்வெர்ட்டரின் திறன் குறைவு) வந்தால் உடனே கன்வெர்ட்டர் வாங்க வேண்டாம். முன் சென்சாருக்கு அருகில் எக்ஸாஸ்ட் கேஸ்கெட் கசிகிறதா என்று பார்த்து, மற்றக் குறியீடுகள் எல்லாம் தீர்ந்தபின் அது தனியாக மீண்டும் வருகிறதா என்று பார்த்து, அதன்பிறகே கன்வெர்ட்டரைத் தொட வேண்டும். எக்ஸாஸ்டிலும் இன்டேக்கிலும் சீலன்ட் போடுவதாக இருந்தால் உறையில் "சென்சாருக்குப் பாதுகாப்பானது" என்று இருப்பதை மட்டும். மற்றச் சிலிகோனின் ஆவி ஓ2 சென்சாரின் முனையில் வெள்ளையாகப் படிந்து அதைக் கெடுத்துவிடும்.